ஹாலில் இரையும் கம்ப்யூட்டர்: நம்ம ஊர் வெயிலுக்கு எந்த வழி சரிப்படும்?

டிவிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துப் படம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இந்தத் தொல்லை வரும். பாட்டும் சண்டையும் ஓடுகிறவரை ஒன்றும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கி, திரையில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் டிவி ஸ்டாண்டுக்குள்ளிருந்து இரைச்சல் கேட்கும். ஒருதடவை கேட்டுவிட்டால் அப்புறம் காது அதைவிட்டு நகராது.

இதற்கு வழி தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பெட்டியை மூடு, ஃபோம் ஒட்டு, ஃபேனே இல்லாத கேபினெட் வாங்கு என்பார்கள். அவர்கள் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். சித்திரை, வைகாசியில் நம்ம திருநெல்வேலி, பாளையங்கோட்டையில் பகல் வெயில் 38, 39ஐத் தொடுவது சாதாரணம். சில நாள் 40ஐயும் தாண்டும். பகலெல்லாம் காய்ந்த தட்டட்டி (மொட்டை மாடி) ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி இல்லாத ஹாலில் படம் போடுகிற நேரத்தில் 33, 34 டிகிரி இருந்தால் ஆச்சரியமில்லை. இந்தப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் எல்லா வழிகளின் வரிசையையும் புரட்டிப் போட்டுவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் சத்தத்தை மூடப் பார்ப்பதைவிடச் சூட்டைக் குறைக்கப் பார்ப்பதுதான் காசுக்குப் பலன். சூடு குறைந்தால் ஃபேன் தானாக அடங்கும். ஓடிடியும் யூடியூபும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஹாலில் கம்ப்யூட்டரே வேண்டாம். படங்களைச் சேர்த்து வைத்து, ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர் என்று வைத்திருப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கை ஹாலைவிட்டு வெளியேற்றினாலே பாதி வேலை முடிந்தது. அதே கம்ப்யூட்டரில் பிள்ளைகள் கேமும் விளையாடுகிறார்கள் என்றால் முழுப் பெட்டியையும் அடுத்த அறைக்குத் தள்ள வேண்டியதுதான்.

எது இரைகிறது?

ப்ராசஸர் ஃபேன், கேபினெட் ஃபேன், எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் பெட்டி) ஃபேன், ஹார்ட் டிஸ்க், இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன். சத்தம் இவற்றில் ஒன்றிலிருந்துதான் வரும். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் அருகே கொண்டுபோனால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். சந்தேகமிருந்தால் ஃபேனின் நடுக் குமிழை விரல் நுனியால் மெல்ல அழுத்தி ஓரிரு விநாடி நிறுத்திப் பார்க்கலாம். இறக்கையைத் தொட வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ். பக்கம் கையையே கொண்டுபோக வேண்டாம். தகட்டை மாட்டிய பிறகு அதன் மேல் உள்ளங்கையை அழுத்தினால் சத்தம் குறைகிறதா? அப்படியானால் இரைவது தகடுதான். உள்ளே அதிரும் ஏதோ ஒன்று அதை அடிக்கிறது.

இந்த வேலையைத் தாண்டிக் குதித்துக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். டெசிபல் கணக்கு அவர்களைக் கைவிட்டுவிடும். சமமான இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். அதையே திருப்பிப் பார்த்தால், இரண்டில் ஒன்றை முழுக்க ஒழித்தாலும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அதிகமாகக் கத்துகிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் விலை உயர்ந்த ஃபேன் வாங்கிப் போட்டால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சத்தத்தின் அளவு மட்டுமில்லை, அதன் குணமும் முக்கியம். சீலிங் ஃபேன் ஓடும்போது கம்ப்யூட்டரின் மெல்லிய காற்றுச் சத்தம் அதற்குள் கரைந்துவிடும். ஒரே சுருதியில் வரும் முனகல் கரையாது. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால் விநாடிக்கு 120 சுற்று. அதே 120 ஹெர்ட்ஸில் அது தகட்டை அதிர வைக்கும். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் போட்டிருந்தால் இன்னும் மோசம். இரண்டின் வேகமும் ஒரு மயிரிழை வேறுபடுவதால் சத்தம் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து அலையாக வரும். மொபைல் ஆப்பில் அளந்து பார்த்தால் சொற்ப டெசிபல்தான் காட்டும். காதுக்கோ அதுதான் பெரிய இம்சை.

கம்ப்யூட்டர்மேல் பழி போடுவதற்கு முன் மற்றவர்களையும் விசாரித்துவிடுங்கள். ப்ரொஜெக்டர் வைத்திருந்தால் தலைக்கு மேல் சுற்றும் அதன் ஃபேன்தான் பெரும்பாலும் முதல் எதிரி. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமல் வருகிறதென்றால் அது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சீலிங் ஃபேனும் சேர்ந்து உறுமும். அதற்குக் கம்ப்யூட்டர் ஃபேனை மாற்றிப் பிரயோஜனமில்லை.

காசில்லாத வழிகள்

நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிட்டது.

சுருக்கி வைத்த வீடியோவைத் திரையில் காட்டுவதற்காகப் பிரிக்கிற (டீகோட்) வேலையை யார் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி வீடியோவைப் பிரித்தால் கம்ப்யூட்டர் தூங்கி வழியும். அந்த வேலை ப்ராசஸர் கோர்கள் தலையில் விழுந்தால் சூடேறி ஃபேன் ஓலமிடும். இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்து 10 பிட் ஹெச்.இ.வி.சி. என்ற முறையில் சுருக்கிய படங்களை கிராஃபிக்ஸ் பகுதியே பிரித்துவிடும். அதைவிடப் புதிய முறையான ஏவி1 வீடியோவுக்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1இல் தருகிறது. பழைய கம்ப்யூட்டரில் யூடியூப் போட்டால் மட்டும் இரைகிறது, டிஸ்க்கில் உள்ள படம் போட்டால் இரைவதில்லை என்றால் காரணம் இதுதான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கிராஃபிக்ஸ் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' கோடு எழும்புகிறதா என்று பாருங்கள். அது தரையோடு படுத்துக்கிடந்து, ப்ராசஸர் 60, 70 சதவீதத்தில் ஓடினால் ப்ரவுசரிலோ ப்ளேயரிலோ ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் அணைந்திருக்கிறது. அல்லது அந்த வகை வீடியோ உங்கள் சிப்புக்குத் தெரியாது. முதலாவதற்கு ஒரு டிக் போதும். இரண்டாவதற்கு, யூடியூபைப் பழைய வகை வீடியோவையே அனுப்பச் சொல்லும் ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன.

அடுத்தது டர்போவை, அதாவது ப்ராசஸர் சட்டென்று வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியை, அணைப்பது. படம் பார்க்க ப்ராசஸர் பாய்ந்து ஓட வேண்டியதில்லை. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்கினாலே பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்களில் டர்போ நின்றுவிடும். மெனு திறக்கும்போதும் போஸ்டர் படங்கள் ஏறும்போதும் 'விர்ர்' என்று எழும்பி அடங்கும் சத்தம் இதோடு போய்விடும்.

மூன்றாவதாக பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) ஃபேன் வேகத்தை அமைப்பது. கம்பெனிக்குத் தக்கபடி ஸ்மார்ட் ஃபேன், க்யூ-ஃபேன் என்று பெயர் இருக்கும். இங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது. ப்ராசஸரை 65 டிகிரியில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று வையுங்கள். 22 டிகிரி அறையில் இடைவெளி 43 டிகிரி. 34 டிகிரி ஹாலில் 31தான். அதே சூட்டை வெளியேற்ற ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் காற்று வேண்டும். ஃபேன் அத்தனை வேகம் கூடினால் சத்தம் சுமார் 7 டெசிபல் ஏறும். அதற்குப் பதிலாக 77 டிகிரிவரை போகட்டும் என்று விட்டுவிட்டால் கூடுதல் சத்தமே இல்லை. பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் குளிர்நாட்டு அளவுகளைப் பார்த்து 50 டிகிரியிலேயே ஃபேனை விரட்டாமல், 65, 70வரை ஒரே நிதானமான வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு மேல்தான் ஏற விடுங்கள். ஏறவும் இறங்கவும் சில விநாடி தாமதம் வைக்க இடமிருந்தால் வையுங்கள். ஒரே சீராக இரைவதைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது.

தூசி பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்று எத்தனை செம்மண்ணை வீட்டுக்குள் கொண்டுவரும் என்று தெரியும். காற்று ஓய்ந்ததும் பிளோயர் வைத்து ஊதிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று உள்ளே வரும் துளைகளில் நைலான் கொசுவலையை வெட்டி ஒட்டினால் புழுதி பாதியாகக் குறையும். வலை அடைத்துக்கொண்டால் ஃபேன் திணறும், அதனால் அதையும் அவ்வப்போது தட்டிவிட வேண்டும்.

ஹார்ட் டிஸ்க், ஃபேன், எஸ்.எம்.பி.எஸ்.

பாகம் மாற்றுவது என்று இறங்கினால் முதல் காசு ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போக வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைச் சுழலும் பாகமே இல்லாத சின்ன எஸ்.எஸ்.டி. ஆக்கிவிட்டால் அந்தச் சத்தம் அடியோடு இல்லை. படங்களையும் எஸ்.எஸ்.டி.யில் வைக்கலாமே என்றால், அதே கொள்ளளவுக்கு விலை பல மடங்கு. நாலு டெராபைட், எட்டு டெராபைட் படம் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாது. 5400 சுற்று டிஸ்க்காகப் பார்த்து, திருகாணிக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் போட்டு மாட்டலாம். கடினமான இரும்போடு இரும்பாக முடுக்காமல் இருந்தாலே முனகல் வெகுவாகக் குறையும். டிஸ்க்கை எலாஸ்டிக் நாடாவில் தொட்டில் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அமைதிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தகட்டைத் தொடாத டிஸ்க்குக்குச் சூட்டை இறக்க வழியில்லை. டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 60 டிகிரிதான் உச்ச வரம்பு. நம்ம ஊர் மே மாதத்தில் மூடிய கேபினெட்டுக்குள் அது எட்டாத உயரமில்லை. தொட்டில் கட்டினால் எதிரே மெல்லச் சுற்றும் ஒரு ஃபேன் இருந்தே ஆக வேண்டும்.

ஃபேன் வாங்கும்போது பெரிதாக வாங்குங்கள். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். பெரிய இறக்கை அதே வேகத்தில் பல மடங்கு காற்றைத் தள்ளும். 80 மி.மீ. ஃபேனையும் அதே அமைப்பில் 120 மி.மீ. ஃபேனையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டால் பெரியது மூன்று மடங்குக்கு மேல் காற்று தரும். ஆக, சின்ன ஃபேன் இரண்டு கத்துவதைவிடப் பெரிய ஃபேன் ஒன்று சோம்பலாகச் சுற்றுவது மேல். ஆஸ்திரியக் கம்பெனியான நாக்டுவாவின் ஃபேன்கள் பெயர்பெற்றவை. விலையைக் கேட்டால் கொஞ்சம் தலை சுற்றும். எல்லா இடத்திலும் அதைப் போட வேண்டியதில்லை. ப்ராசஸர் மேல் ஒன்று போட்டுவிட்டு, கேபினெட்டுக்கு நல்ல பேரிங் உள்ள நடுத்தர ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் போதும். நாலு பின் ஃபேனாக இருந்தால் மதர்போர்டு வேகத்தை நன்றாகக் கட்டுப்படுத்தும்.

மலிவு ஃபேன்களின் ஸ்லீவ் பேரிங்கில் இருக்கும் எண்ணெய் நம்ம சூட்டில் சீக்கிரம் வற்றிவிடும். அப்போதுதான் 'கரகர'வென்று வரும். பின்புற ஸ்டிக்கரைப் பிரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாளைக்கு ஓடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயை விட்டுவிடாதீர்கள், பிசினாகி இறுகிப்போகும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு படத்துக்கு மட்டும் என்றால் கழற்றி விற்றுவிடலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும் வகை உண்டு. படம் பார்க்கும் சுமைக்கு அது பெரும்பாலும் சுற்றவே சுற்றாது. பழையது இரைந்தால் மாற்றும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். நன்றாக இருப்பதைக் கழற்ற வேண்டாம்.

டிவி ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது

எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற வழி, நம்ம ஊருக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வழி. இங்கே வண்ணார்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் ஹால் சுவர் முழுக்கப் ப்ளைவுட்டில் டிவி யூனிட் அடித்து, கீழ்த் தட்டில் கம்ப்யூட்டரை வைத்துக் கதவும் போட்டிருந்தார். "அண்ணாச்சி, கதவைச் சாத்துனா சத்தம் குறையுது, ஆனா கால் மணி நேரத்துல திரும்ப வந்துருது" என்றார். கதவைத் திறந்து கையை உள்ளே விட்டால் சோற்றுப்பானை மூடியைத் திறந்த மாதிரி அனல். பின்பலகையில் கார்பெண்டர் ஒயருக்கென்று போட்ட வட்டத் துளை ஒன்றுதான். கையளவு கூட இல்லை. அந்தக் காற்றையே கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப இழுத்து, ஃபேனை உச்சத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஃபோம் ஒட்டினால்? ஒரு இன்ச் ஃபோம் 'ஸ்ஸ்' என்ற உயர்ந்த சத்தத்தைக் குடிக்கும். 120 ஹெர்ட்ஸ் முனகலுக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. அந்த முனகலைத் தடுக்க வேண்டுமென்றால் கனமான சுவரும் இடுக்கில்லாத மூடலும் வேண்டும். இடுக்கில்லாமல் மூடினால் காற்று போகாது. இந்த முரண்பாட்டுக்குள்தான் எல்லா மூடுபெட்டிகளும் மாட்டிக்கொள்கின்றன. ஃபோம் ஒட்டிய வளைவு நெளிவான காற்றுப்பாதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். அதற்கு யூனிட்டில் பாதி இடம் போய்விடும்.

ஏற்கெனவே யூனிட் அடித்தாயிற்று என்றால், கம்ப்யூட்டர் இருக்கும் தட்டின் பின்பலகையை முழுக்க அறுத்து எடுத்துவிட்டு, யூனிட்டைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். முன்கதவைக் காற்று போகும் ஜாலிக் கதவாக்கினால் இன்னும் நல்லது. ப்ளைவுட்டைவிடக் கடப்பாக்கல் தட்டு மேல். கனமாக இருப்பதால் கூடச் சேர்ந்து அதிராது. கேபினெட்டின் அடியில் தடித்த ரப்பர் கால்கள் போட மறக்க வேண்டாம்.

டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை என்று இருக்கும் நம் ஹால்களில் எந்தச் சத்தமும் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு விரிப்பு, சோபா, இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் இருந்தால் ஃபேன் சத்தம் மட்டுமில்லை, படத்தின் வசனமும் தெளிவாகும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் அழகாக இருக்கும். இரைச்சலைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

ஃபேனே இல்லாத கேபினெட்

கேபினெட்டே ஹீட் சிங்க்காக (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இருக்கும் அலுமினியப் பெட்டிகளை ஸ்ட்ரீகாம், ஹெச்.டி.ப்ளெக்ஸ், அகாசா போன்ற கம்பெனிகள் செய்கின்றன. ப்ராசஸர் மேல் ஃபேனில்லாமல் உட்காரும் பெரிய ஹீட் சிங்க் ஒன்றை 2021இல் நாக்டுவாவும் கொண்டுவந்தது. பார்க்கவும் கேட்கவும் அருமையான சாமான்கள். இங்கே வாங்கலாமா என்றால், எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணக்கு இதுதான். ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும் ஹீட் சிங்க் என்று வைத்துக்கொள்வோம். 35 வாட் ப்ராசஸர் அறைக் காற்றைவிட 35 டிகிரி மேலே நிற்கும். 22 டிகிரி அறையில் 57. நம் 36 டிகிரி மத்தியானத்தில் 71. டிவி ஸ்டாண்டுக்குள் 45 டிகிரிக் காற்றில் 80. ப்ராசஸர் இதைத் தாங்கும். அதைச் சுற்றி இருப்பவற்றுக்குத்தான் ஆபத்து. காற்றோட்டமே இல்லாததால் ராம், எஸ்.எஸ்.டி., மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் எல்லாம் அதே சூட்டில் வேகும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பாவில் பத்து வருஷம் ஓடுவது இங்கே ஓடாது. 6 வாட், 10 வாட் சிப்புகளுக்கு ஃபேன் இல்லாமல் விடலாம். அதற்கு மேல் என்றால் 140 மி.மீ. ஃபேன் ஒன்று நிமிடத்துக்கு 500 சுற்றில் சுற்றட்டும். ஒரு மீட்டருக்கு அப்பால் அது கேட்காது. உள்ளே எல்லாம் பிழைத்துக்கிடக்கும்.

ஹாலில் ஏசி போட்டுத்தான் படம் பார்ப்பீர்கள், கம்ப்யூட்டரும் திறந்த தட்டில் இருக்கிறது என்றால் கதை வேறு. ஆனால் அந்த ஏசி இருக்கும்போது மெல்லச் சுற்றும் ஒரு ஃபேன் யாருக்குக் கேட்கப் போகிறது?

கம்ப்யூட்டருக்குப் பதில் சின்னப் பெட்டி

ஓடிடி மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி ஒன்றோ டிவியிலேயே இருக்கும் ஆப்போ போதும். சத்தம் சுத்தமாக இல்லை. படத் தரமும் கம்ப்யூட்டரைவிட நன்றாக இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை லினக்ஸ் கம்ப்யூட்டரில் 4கே தருவதில்லை, விண்டோஸிலும் ஆயிரம் நிபந்தனை போடும். ஸ்டிக்கை டிவியின் பின்னால் சூட்டில் ஒட்டிவிடாமல், கூட வரும் சின்ன நீட்டிப்புக் கேபிளில் வெளியே தொங்கவிடுங்கள்.

சொந்தப் படங்கள் உள்ளவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் உண்டு. லிப்ரிஎலெக் என்ற மென்பொருளை ஏற்றினால், கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் ப்ளேயர் நேராகத் திறக்கும். டிவி ரிமோட்டிலேயே இயங்கும். 2023இல் வந்த பை 5 மாடல் 4கே ஹெச்.இ.வி.சி.யைச் சுலபமாக ஓட்டும்; கொஞ்சம் சூடாகும் ரகம், அதனால் நல்ல அலுமினியப் பெட்டியாகப் போடுங்கள்.

இன்டெல் என்100 சிப் போட்ட மினி கம்ப்யூட்டர்கள்தான் இப்போது எல்லாருடைய வாயிலும். 6 வாட் சிப், ஏவி1 உட்பட எல்லாவற்றையும் பிரிக்கும். ஆனால் சின்னப் பெட்டி என்றால் அமைதி என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பல கம்பெனிகள் அந்தச் சிப்பை 20 வாட்டுக்கு மேல் ஓடவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஃபேன் ஒன்றை வைத்திருக்கும். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். கொசு மாதிரி ரீங்காரம் வரும். பயாஸில் பவர் அளவை 10 வாட்டுக்கு இறக்க இடமிருக்கிறதா என்று வாங்கும் முன் விசாரியுங்கள். இல்லையென்றால் என்100இலேயே ஃபேன் இல்லாத பெட்டிகள் கிடைக்கின்றன. முந்தைய பகுதியில் நான் முகம் சுளித்த ஃபேனில்லாத வழி, இந்தக் குறைந்த வாட்டில் நம்ம வெயிலுக்கும் சரிப்படும்.

படங்கள் உள்ள டிஸ்க்குகள் எங்கே போகும்? பழைய கம்ப்யூட்டரோடு உள் அறையில் கிடக்கட்டும். நடுவே கேட் 6 நெட்வொர்க் கேபிள் ஒன்று போட்டால் போதும். 4கே ப்ளூரே உச்சத்தில் விநாடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும். கிகாபிட் கேபிளுக்கு அது தூசு. டிவியின் லேன் துளையை நம்பி இருந்துவிடாதீர்கள். நிறைய டிவிகளில் அது 100 மெகாபிட்தான், கனமான காட்சிகளில் படம் திக்கும். திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டுவதும் சிரமம். இந்த இரட்டை ஏற்பாட்டைத்தான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்கிறேன்.

முழுப் பெட்டியையும் அடுத்த அறைக்குத் தள்ளுவது

கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் 200, 300 வாட் சூட்டைக் கக்கும். அதை எந்த ஃபேன் வித்தையாலும் அடக்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் போனால் எவ்வளவு இரைந்தாலும் கவலையில்லை. செலவும் புதுக் கேபினெட்டைவிடக் குறைவு.

பழைய திருநெல்வேலி வீடுகளில் பட்டாசலை (கூடம்) ஒட்டி அரங்கு வீடு என்ற உள் அறை இருக்கும். தடித்த சுவர், நடுவில் ஒரே ஒரு துளை, இதற்கென்றே கட்டியதுபோல. ஆனால் ஜன்னல் கிடையாது, நெல்லும் அரிசியும் வைத்த இடம் என்பதால் எலியும் எறும்பும் வரும். காற்றுப் போக்குக்கு வழியில்லாத அரங்கு வீட்டில் 300 வாட்டை எரியவிடுவது டிவி ஸ்டாண்டில் கதவைச் சாத்துவதன் பெரிய வடிவம்தான். மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட முடிந்தால் சரி. புது வீடுகளில் எல்லாரும் மாடிப்படிக்கு அடியைக் காட்டுவார்கள். அங்கே ஏற்கெனவே இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றும் பேட்டரியிலிருந்து வரும் அமில ஆவி மதர்போர்டையும் கனெக்டர்களையும் அரித்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்ரூம் அலமாரியின் மேல்தட்டு, கதவில்லாமல், இவை எல்லாவற்றையும்விட மேல். பகலில்தான் விளையாட்டு என்றால் அங்கே தூங்குகிறவர்களுக்கும் தொந்தரவில்லை.

சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் 4கே படத்தை ஐந்து மீட்டர்வரை நம்பிக்கையாகக் கொண்டுபோகும். அதற்கு மேல் ஃபைபர் ஆப்டிக் ஹெச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். 10, 15 மீட்டர் அதற்குச் சாதாரணம். அதில் ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை டிவிக்கு என்று குறித்திருக்கும். மாற்றிப் போட்டால் படம் வராது. சுவருக்குள் பதிக்கும் முன் வெளியே விரித்துப்போட்டு ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ரிமோட், கீபோர்டு விஷயத்தில்தான் பலர் பாதியில் நிற்கிறார்கள். ஒயர்லெஸ் கீபோர்டின் சின்ன ரிசீவர் தடித்த சுவரைத் தாண்டிப் பேசாது. யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரை ஹாலுக்கே கொண்டுவந்துவிடுங்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு ஐந்து மீட்டர் எல்லை; தூரம் கூடினால் ரிப்பீட்டர் உள்ளதாக வாங்க வேண்டும். கேம் கன்ட்ரோலரின் புளூடூத் டாங்கிளுக்கும் இதே கேபிள்தான். கம்ப்யூட்டரின் ஹெச்.டி.எம்.ஐ. துளைகள் பெரும்பாலும் டிவி ரிமோட்டின் கட்டளையை வாங்காது. கோடியை இயக்க மொபைலில் கோரே ஆப் போதும். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் சுவிட்சை அமுக்காமலிருக்க, பயாஸில் வேக் ஆன் லேனை இயக்கிவிட்டால் மொபைலிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம்.

துளை போடும்போது எலக்ட்ரீஷியன் வழக்கமான முக்கால் இன்ச் பைப்பை எடுத்துவருவார். ஹெச்.டி.எம்.ஐ. ப்ளக்கின் தலை அதற்குள் நுழையாது. ஒன்றரை இன்ச் பைப் போடச் சொல்லுங்கள். முழங்கை வளைவு வேண்டாம், அகலமான வளைவாக இருக்கட்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள். கேபிள்களை இழுத்து முடித்ததும் இரண்டு முனையிலும் கொசுவலைத் துண்டைச் செருகிவிட்டால் பல்லியும் எறும்பும் வராது. உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துப் போட்டு வையுங்கள். இன்னும் சில வருஷத்தில் வேறு கேபிள் இழுக்க வேண்டிவந்தால் சுவரைத் தொட வேண்டியிருக்காது.